குர்துபாவின் காழி இப்னு ருஷ்து

ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியில், அராபியர் வாதில் கபீர் (பேராறு) எனப் பெயரிட்டழைத்த நதியின் வடகரையில், குர்துபா மாநகர் அமைந்துள்ளது. கோர்தபா என்பது அதன் இன்றைய பெயர். இந்நகரைக் காணச் செல்வோர் அனைவரும் முதலில் நாடுவது அங்குள்ள பெரிய பள்ளிவாசலையே. 785-ஆம் ஆண்டையொட்டி அமீர் முதலாம் அப்துர் ரஹ்மான் எழுப்பத் தொடங்கிய அப்பள்ளி, அடுத்த இரண்டு நூற்றாண்டுக் காலத்தில் மும்முறை விரிவாக்கப் பெற்றது. எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தூண்களும், அவற்றின் மீது ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை வளைவுகளும், அவ்வளவுகளில் சிவப்பும் வெண்மையும் மாறி மாறி வரும் அழகும், பொன்னொளி வீசும் மிஹ்ராபும் காண்போர் நெஞ்சைக் கொள்ளை கொள்ளும். 1236-ஆம் ஆண்டு காஸ்டில் அரசன் மூன்றாம் பெர்டினாண்டு நகரைக் கைப்பற்றியபோது அது கிறிஸ்தவ ஆலயமாக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் அதன் நடுவே உயர்ந்ததொரு தேவாலயமும் கட்டினர். அல்லாமா இக்பால் 1933-ஆம் ஆண்டு அங்கே தொழுததும், அப்பள்ளியைப் பற்றி உருதுவில் பெருங்கவிதை யாத்ததும் நம்மில் பலர் அறிந்தவையே. இன்று அங்கே முஸ்லிம்கள் தொழுவதற்கு அனுமதியில்லை.

தூண்களை எண்ணி வியந்துவிட்டுத் திரும்பிவிடுவோர் பலர். அவர்கள் சற்றே மேற்கே நடந்து, பழைய கோட்டை மதிலை ஒட்டி, அல்மோதோவர் வாயில் என வழங்கும் வாயிலருகே சென்றால், தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்து, கையில் ஒரு நூலை ஏந்திய பெரியவர் ஒருவரின் கற்சிலையைக் காணலாம். சிலை எடுப்பது நம் வழக்கமன்று. ஸ்பானியர் தம் வழக்கப்படி 1967-இல் நிறுவியது அது. எந்தப் பெரியவரின் காலத்தில் அவருடைய நூல்கள் தீயிலிடப்பட்டனவோ, எந்தப் பெரியவர் அந்த மாபெரும் பள்ளிவாசலிலிருந்து ஒருநாள் வெளியே துரத்தப்பட்டாரோ, அவருக்கே அச்சிலை. ஐரோப்பியர் அவரோஸ் என்று அழைக்கும் காழி அபுல் வலீத் முஹம்மது இப்னு அஹ்மது இப்னு ருஷ்து (ரஹ்) அவர்களே அவர். குர்துபாவைக் காண விழைவதற்குப் பள்ளிவாசல் ஒன்றே போதிய காரணம். ஆயினும் இப்பெரியாரின் வாழ்வை அறிந்து செல்பவருக்கு அத்தூண்கள் வேறு செய்தியையும் சொல்லும்.

ஹிஜ்ரி 520, கி.பி. 1126-ஆம் ஆண்டு குர்துபாவிலே இப்னு ருஷ்து பிறந்தார்கள். அவர்களுடைய பாட்டனார் பெயரும் அபுல் வலீத் முஹம்மது இப்னு ருஷ்துதான். அன்னார் முராபித்தூன்களின் ஆட்சியில் குர்துபாவின் தலைமைக் காழியாகவும், பெரிய பள்ளியின் இமாமாகவும் விளங்கியவர். மாலிகி மத்ஹபின் பெருநூல்களுள் சிலவற்றை எழுதியவர். பேரர் பிறந்த அதே ஆண்டிலேயே பாட்டனார் இறையடி சேர்ந்தார்கள். ஒரே பெயரும் ஒரே பதவியும் கொண்ட இருவரையும் பிரித்தறிய, மூத்தவரைப் பாட்டனார் என்றும் இளையவரைப் பேரர் என்றும் அடைமொழி சேர்த்து அரபு நூல்கள் குறிக்கின்றன. தந்தையார் அஹ்மது அவர்களும் குர்துபாவில் காழியாக இருந்தவரே. ஆக, மூன்று தலைமுறையாக நீதியாசனத்தில் அமர்ந்த குடும்பம் அது.

தந்தையாரிடம் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா நூலை மனனம் செய்தார்கள். பின்னர் ஃபிக்ஹு, இலக்கணம், மருத்துவம், கணிதம், வானநூல், தத்துவம் எனக் கற்கத் தொடங்கியது சாகும்வரை நிற்கவில்லை. அறிவு பெற்ற நாள்முதல் நூலை விட்டுப் பிரிந்த இரவுகள் அவர்கள் வாழ்வில் இரண்டே என்று வரலாற்றாசிரியர் இப்னுல் அப்பார் எழுதுகிறார்: தந்தையார் மறைந்த இரவு ஒன்று, தமது திருமண இரவு மற்றொன்று. எழுதித் தள்ளியவை பத்தாயிரம் ஏடுகள் என்றும் அவரே கூறுகிறார். உடையில் எளிமை, நடத்தையில் பணிவு. அரசரிடம் கிடைத்த செல்வாக்கைத் தமக்கோ தம் குடும்பத்துக்கோ பயன்படுத்தாமல், குர்துபா மக்களுக்கும் அந்தலுஸ் நாட்டுக்குமே பயன்படுத்தினார்கள் என்பதும் அவர் தரும் சான்று. மார்க்கத் தீர்ப்புக்காக அவர்கள் வாசலுக்கு வந்தவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேர் மருந்துக்காகவும் வந்தார்கள்.

1153-ஆம் ஆண்டு கடல் கடந்து மொராக்கோவின் மர்ராகுஷ் நகரம் சென்றபோது, குர்துபாவில் காணக் கிடைக்காத சுஹைல் என்ற நட்சத்திரம் அங்கே அடிவானத்துக்கு மேல் ஒளிர்வதைக் கண்டார்கள். தெற்கே செல்லச் செல்லப் புதிய விண்மீன்கள் தோன்றுவது பூமி உருண்டை வடிவானது என்பதற்கு அத்தாட்சி எனப் பின்னாளில் தம் நூலில் குறித்தார்கள்.

அப்போது முராபித்தூன்கள் வீழ்ந்து, முவஹ்ஹிதூன்கள் ஆட்சிக்கு வந்திருந்தனர். 1169-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு இப்னு ருஷ்து அவர்களின் வாழ்வை மாற்றியமைத்தது. கலீஃபா அபூ யஅகூப் யூசுஃபின் அரண்மனை வைத்தியராக இருந்தவர் இப்னு துஃபைல். தனித்தீவிலே மானிடம் பால் குடித்து வளர்ந்து, தன் அறிவாலேயே படைத்தவனை உணர்ந்த ஹய் இப்னு யக்ளான் என்னும் மனிதனின் கதையை எழுதியவரும் அவரே. அவர் இப்னு ருஷ்துவைக் கலீஃபாவிடம் அழைத்துச் சென்றார். பெயரையும் குலத்தையும் விசாரித்த கலீஃபா, எடுத்த எடுப்பிலேயே, வானங்கள் ஆதி தொட்டு உள்ளவை என்று தத்துவவாணர் கருதுகிறார்களா, அன்றிப் படைக்கப்பட்டவை என்று கருதுகிறார்களா எனக் கேட்டுவிட்டார். இப்னு ருஷ்து திகைத்துப் போனார்கள். அரசரின் வாயிலிருந்து வரும் அத்தகைய கேள்வி ஒரு கண்ணியாகவும் இருக்கலாம். தமக்கும் தத்துவத்துக்கும் தொடர்பே இல்லை என்று கூறித் தப்பிக்கப் பார்த்தார்கள். கலீஃபா அச்சத்தை உணர்ந்துகொண்டு, இப்னு துஃபைலின் பக்கம் திரும்பி, அரிஸ்டாட்டில், பிளாட்டோ முதலானோரின் கருத்துகளையும், அவற்றுக்கு முஸ்லிம் அறிஞர் அளித்த மறுப்புகளையும் தாமே விவரிக்கத் தொடங்கினார். அரசரின் கல்வி கண்டு அச்சம் நீங்கிய பின்னரே இப்னு ருஷ்து வாய் திறந்தார்கள். விடைபெறும்போது பொருளும், பட்டாடையும், ஏறிச் செல்லக் குதிரையும் பரிசாகக் கிடைத்தன. இதனை இப்னு ருஷ்துவின் மாணவர் ஒருவர் வாயிலாக அறிந்து அப்துல் வாஹித் அல் மர்ராகுஷி தம் வரலாற்று நூலில் பதிந்துள்ளார்.

அரிஸ்டாட்டிலின் நூல்கள் புரியவில்லையே என்று கலீஃபா வருந்தியதால், அவற்றுக்கு விளக்கம் எழுதும் பணி இப்னு ருஷ்து அவர்களின் தோளில் விழுந்தது. அதே 1169-இல் இஷ்பீலியா என்னும் செவில் நகரின் காழியாக நியமனம். தம் நூலகம் குர்துபாவில் கிடக்க, தாம் வேற்றூரில் நீதி வழங்கும் வேலைகளுக்கிடையே எழுத வேண்டியிருப்பதை அக்காலத்து நூல்களில் வருத்தத்தோடு குறிப்பிடுகிறார்கள். 1171-இல் குர்துபாவுக்கே காழியாகத் திரும்பினார்கள். 1182-இல் இப்னு துஃபைல் முதுமையால் விலக, அரண்மனை வைத்தியர் பதவியும், பின்னர் பாட்டனார் வகித்த குர்துபாத் தலைமைக் காழிப் பதவியும் அவர்களை வந்தடைந்தன. மருத்துவத்தின் பொதுவிதிகளைத் தொகுத்துரைக்கும் குல்லிய்யாத் என்னும் நூல் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. நோய் ஒவ்வொன்றுக்கும் உரிய சிகிச்சையை அறிய விரும்புவோர் தம் நண்பர் இப்னு ஸுஹ்ரின் நூலைப் பார்க்கட்டும் என்று அதன் முடிவிலே கைகாட்டி விடுகிறார்கள்.

ஐரோப்பியர் இப்னு ருஷ்துவைத் தத்துவவாணராக மட்டுமே அறிவர். நம்முடைய மதரஸாக்களில் அவர்களை அறிந்தவர், பிதாயத்துல் முஜ்தஹித் என்ற ஃபிக்ஹு நூலால் அறிந்தனர். என் எளிய கருத்தில், ஒரு சாதாரண முஸ்லிம் குடும்பத்துக்கு அவர்கள் விட்டுச் சென்ற சொத்து இந்நூலே. ஒவ்வொரு மஸ்அலாவிலும் இமாம்கள் எங்கே ஒன்றுபடுகிறார்கள், எங்கே வேறுபடுகிறார்கள் என்பதைக் கூறியதோடு நில்லாமல், ஏன் வேறுபட்டார்கள் என்பதையும் ஆராய்வதே அதன் தனிச்சிறப்பு.

நமக்குப் பழக்கமான ஒரு மஸ்அலாவையே எடுத்துக்கொள்வோம். தமிழகத்துக் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினரும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபினரும் மிகுதி. இரு சாராரும் பெண் கொடுத்து, பெண் எடுத்து வாழும் இல்லங்களும் உண்டு. கணவன் கை மனைவியின் கைமேல் பட்டால் ஒளூ முறியும் என்று ஷாஃபிஈ வீட்டில் வளர்ந்தவர் கூறுவார். முறியாது என்று ஹனஃபி வீட்டில் வளர்ந்தவர் கூறுவார். இன்பநாட்டத்தோடு தொட்டால் மட்டுமே முறியும் என்பது மாலிகிகளின் நிலை. இம்மூன்றும் எங்கிருந்து பிறந்தன? திருமறையில் வரும் ஒரே ஒரு சொல்லிலிருந்து. தொடுதல் என்னும் பொருள் தரும் அந்தச் சொல்லை அராபியர் சில வேளைகளில் கையால் தொடுவதற்கும், சில வேளைகளில் இல்லறக் கூட்டுறவுக்கும் வழங்கினர். முதற் பொருளைக் கொண்டவருக்கு ஒரு தீர்ப்பு, இரண்டாம் பொருளைக் கொண்டவருக்கு மற்றொரு தீர்ப்பு. இதனை விளக்கிய இப்னு ருஷ்து, இரண்டாம் பொருளே தமக்கு வலுவாகத் தோன்றுகிறது என்றும் எழுதுகிறார்கள். தாம் சார்ந்த மாலிகி மத்ஹபின் நிலை அதுவன்று என்பதைக் கவனிக்க வேண்டும். தலைக்கு மஸ்ஹு செய்வதில் முழுத்தலையா, ஒரு பகுதியா என்ற வேறுபாடும் அவ்வாறே ஓர் எழுத்தின் பொருளில் பிறந்தது என்று காட்டுகிறார்கள். ஒருவர் மற்றவரை வழிகேடர் என்று ஏசத் தொடங்கும் முன் இந்த நூலின் பக்கங்கள் சிலவற்றையேனும் ஓதக் கேட்டிருந்தால் எத்தனை ஊர்களில் எத்தனை பிணக்குகள் எழாமலே இருந்திருக்கும்!

இந்த நூலில் ஹஜ்ஜுப் பாடத்தை முதலில் அவர்கள் எழுதவில்லை. மற்றவை முடிந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், ஹிஜ்ரி 584-இல்தான் அதனை எழுதிச் சேர்த்தார்கள்.

இனி, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுடன் எழுந்த வாதத்துக்கு வருவோம். நம் இல்லங்களில் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று போற்றப்படும் அப்பெரியார், இப்னு ருஷ்து பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1111-இல் மறைந்துவிட்டவர். தத்துவவாணர்களின் தடுமாற்றத்தைக் காட்ட அவர்கள் எழுதிய தஹாஃபுத் நூலில், உலகம் அநாதியானது என்பது, இறைவன் தனித்தனி நிகழ்ச்சிகளை அறியான் என்பது, உடல்கள் மறுமையில் எழுப்பப்படா என்பது ஆகிய மூன்று கொள்கைகளும் குஃப்ரு எனத் தீர்ப்பளித்திருந்தார்கள். 1180-ஆம் ஆண்டளவில் இப்னு ருஷ்து அந்நூலை வரிவரியாக எடுத்துவைத்து மறுமொழி எழுதினார்கள். தத்துவவாணர் சொன்னது வேறு, அவர்கள் மீது சாட்டப்பட்டது வேறு என்பதே அம்மறுமொழியின் சாரம். ஆலிம்களில் பெரும்பாலோர் இமாம் கஸ்ஸாலியின் பக்கமே நின்றனர், இன்றும் நிற்கின்றனர். அதனை மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் இப்னு ருஷ்து இறைமறையை அறிவுக்குக் கீழே வைத்தவர் என்று சிலர் சொல்லித் திரிவது தவறு. ஃபஸ்லுல் மகால் என்ற சிறுநூலில், ஒரு காழி தீர்ப்பு எழுதுவது போலவே அவர்கள் இந்தப் பிரச்சினையை அணுகுகிறார்கள். தத்துவம் கற்பது ஷரீஅத்தில் ஹராமா, ஹலாலா, வாஜிபா என்பதே அங்கே கேள்வி. படைப்புகளைச் சிந்தித்துப் பார்க்குமாறு மறை பணிப்பதால், தகுதியுடையோருக்கு அது கடமை என்பது அவர்களின் விடை. மெய்யான அறிவும் மெய்யான வஹியும் முரண்பட இயலாது. முரண் போலத் தோன்றினால், அரபு மொழியின் மரபுக்குட்பட்டு வசனத்துக்கு விளக்கம் காண வேண்டும். ஆனால் இத்தகைய நுண்ணிய விளக்கங்களை எல்லாரிடமும் பரப்புவது ஈமானைக் குலைக்கும் என்றும் எச்சரிக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலியிடம் அவர்கள் கண்ட பெருங்குறையே, அறிஞர் மட்டும் பேச வேண்டியவற்றைப் பொதுமக்கள் கையில் கொடுத்துவிட்டார் என்பதுதான்.

பிளாட்டோவின் அரசியல் நூலுக்கு எழுதிய விளக்கத்தில், தம் நாட்டுப் பெண்கள் பிள்ளை பெறுவதற்கும் வளர்ப்பதற்கும் மட்டுமே உரியவராக ஒதுக்கப்பட்டதால் அவர்களின் ஆற்றல் வெளிப்படாமலே போகிறது என்றும், நாட்டின் வறுமைக்கு அது ஒரு காரணம் என்றும் எழுதினார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு காழியின் பேனாவிலிருந்து வந்த கருத்து இது. அந்நூலின் அரபு மூலம் இன்று இல்லை. எபிரேய மொழிபெயர்ப்பே எஞ்சியுள்ளது.

1184-இல் போர்க்களக் காயத்தால் கலீஃபா யூசுஃப் மறைய, அவர் மகன் யஅகூப் அல் மன்சூர் அரியணை ஏறினார். அவரும் இப்னு ருஷ்துவைத் தம் அருகிலேயே அமர்த்திப் போற்றியவர்தான். 1195-இல் அலார்கோஸ் போரில் காஸ்டில் படையை முறியடித்துப் பெரும்புகழ் பெற்றார். அதையொட்டியே காற்று திசை மாறியது. வடக்கே பகைவரோடு போர் நடக்கும் வேளையில், தத்துவத்தை வெறுத்த ஃபகீஹுகளின் ஆதரவும் மக்களின் ஆதரவும் கலீஃபாவுக்குத் தேவைப்பட்டன போலும். காரணங்களைத் தேடியவர்களுக்குக் காரணங்களும் கிடைத்தன. விலங்குகளைப் பற்றிய நூலில், ஒட்டகச்சிவிங்கியைப் பெர்பர்களின் மன்னரிடம் கண்டதாக எழுதியிருந்தார்கள். கலீஃபாவின் பட்டங்களைச் சொல்லாமல் இப்படி எழுதுவது அவமதிப்பு என்றனர். இரு நிலங்களின் மன்னர் என்று தாம் எழுதியதையே படித்தவர் பிழைபடப் படித்துவிட்டார் என்று இப்னு ருஷ்து விளக்கம் கூறியதாகச் சொல்வர். பண்டைக் கிரேக்கர் ஒருவரின் கூற்றாக எடுத்தெழுதிய, வெள்ளிக் கோளைத் தெய்வமெனச் சொல்லும் ஒரு வரியை முன்பின் இன்றித் தனியே வெட்டி எடுத்து, இது காழியின் கொள்கை என்று கலீஃபாவின் முன் வைத்தனர் வேறு சிலர்.

குர்துபாவில் பெரியோர் கூடிய சபையில் விசாரணை நடந்தது. எழுபது வயதை நெருங்கிவிட்ட காழி, குர்துபாவின் தென்கிழக்கே உள்ள, யூதர்களின் ஊராக அறியப்பட்டிருந்த யுஸ்ஸானா (லூசெனா) என்ற சிற்றூருக்கு நாடு கடத்தப்பட்டார்கள். தத்துவ நூல்களைத் தீயிலிடுமாறு ஆணை பிறந்தது. மருத்துவம், கணிதம், தொழுகை நேரமும் கிப்லாவும் அறிய உதவும் அளவு வானநூல் ஆகியவை மட்டும் விலக்குப் பெற்றன.

இச்சோதனைக் காலத்தில் தமக்கு நேர்ந்தவற்றுள் மிகக் கொடியது எது என்பதை இப்னு ருஷ்து பின்னர் கூறியதாக ஒரு செய்தி உண்டு. பதவி போனதன்று, ஏடுகள் எரிந்ததுமன்று. ஒருநாள் தம் மகன் அப்துல்லாஹ்வுடன் குர்துபாப் பள்ளிவாசலுக்குள் நுழைந்தார்கள். அஸர் தொழுகையின் நேரம் நெருங்கியிருந்தது. கீழ்மக்கள் சிலர் எழுந்து, கூச்சலிட்டு, தந்தையையும் மகனையும் வெளியே துரத்திவிட்டனர்.

எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பள்ளியில் பாட்டனார் இமாமாக நின்று தொழ வைத்தார். அந்நகருக்குத் தந்தையார் தீர்ப்பு வழங்கினார். தாமும் அந்நகரின் தலைமைக் காழியாக இருந்தவர். தொழுகையின் சட்டங்களில் இமாம்கள் ஏன் வேறுபட்டார்கள் என்பதைக் கருணையோடு எழுதி வைத்த முதியவருக்கு, ஸஃப்பில் ஓர் ஆள் நிற்கும் இடத்தைத் தர அன்று அந்தக் கூட்டத்துக்கு மனம் வரவில்லை. மாற்றுமதத்தவர் கைக்கு அப்பள்ளி சென்றுவிட்டதை எண்ணி நாம் கண்ணீர் வடிக்கிறோம். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம்மவர் கையால் நடந்த இந்நிகழ்ச்சியையும் அங்கே செல்பவர் நினைத்துக்கொள்ளட்டும்.

பின்னர் கலீஃபாவின் கோபம் தணிந்தது. ஆணைகள் திரும்பப் பெறப்பட்டு, இப்னு ருஷ்து மர்ராகுஷுக்கு அழைக்கப்பட்டார்கள். ஆயின் அந்த நல்வாழ்வு நீடிக்கவில்லை. ஹிஜ்ரி 595, ஸஃபர் பிறை 9, அதாவது 1198 டிசம்பர் 10 அன்று மர்ராகுஷில் வஃபாத்தானார்கள். இரண்டு மாதங்கள் கழியுமுன்னே கலீஃபா மன்சூரும் மறைந்தார்.

எரியாமல் தப்பிய ஏடுகள் அந்தலுஸுக்கு வெளியே பயணமாயின. யூத அறிஞர் எபிரேயத்திலும், கிறிஸ்தவ அறிஞர் இலத்தீனிலும் அவற்றைப் பெயர்த்தனர். குல்லிய்யாத் 1255-இல் இத்தாலியின் படுவா நகரில் இலத்தீனாயிற்று. பாரிஸ் பல்கலைக்கழகத்தில், விளக்கவுரையாளர் என்று பெயர் சொல்லாமல் சொன்னாலே அது இப்னு ருஷ்துவைக் குறித்தது.

மர்ராகுஷில் அடக்கப்பட்ட உடலை மூன்று மாதங்களுக்குப் பின் தோண்டியெடுத்து, குர்துபாவுக்குக் கொண்டு செல்ல ஏற்பாடாயிற்று. அன்று அங்கே நின்றவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் ஷைகுல் அக்பர் என்று உலகு போற்றிய முஹ்யித்தீன் இப்னு அரபி (ரஹ்) அவர்கள். இளம் வயதில், மீசையும் அரும்பாத பருவத்தில், குர்துபாவில் இப்னு ருஷ்துவைக் கண்டு உரையாடியவர் அவர். உடன் நின்றவர்களுள் இன்னொருவர், தம் ஹஜ்ஜுப் பயணத்தை நூலாக எழுதிய இப்னு ஜுபைர். பொதி சுமக்கும் விலங்கின் ஒரு பக்கம் ஜனாஸாப் பெட்டி ஏற்றப்பட்டது. எடை சமமாக வேண்டும் என்பதற்காக மறுபக்கம் கட்டப்பட்டவை அன்னார் எழுதிய கிதாபுகள். ஒரு பக்கம் எழுதியவர், மறுபக்கம் எழுத்து என்று கூட நின்ற தோழர் ஒருவர் சுட்டிக்காட்டியதையும் இப்னு அரபி பதிந்து வைத்துள்ளார்கள். அந்தச் சுமையோடு அவ்விலங்கு வடக்கு நோக்கிப் புறப்பட்டது. கடலைக் கடந்து குர்துபா வந்தடைந்த உடல், இப்னு அப்பாஸ் மையவாடியில் முன்னோர்களின் அருகே நல்லடக்கம் செய்யப்பட்டது.